டீ கலர் வயர்

ஒருவர் செய்த தவறை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போக முடியுமா? பொருளைத் திருடலாம், உழைப்பைத் திருடலாம், பேரைக்கூடத் திருடலாம். தவறை யார் திருடுவார்கள், திருடி என்ன செய்யப் போகிறார்கள்? கலர் அக்காவைத் தெரிந்துகொள்ளும் வரை நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன். அவருடைய ஒரே தவறு இரண்டு முறை பறிபோனது. முதல் முறை எடுத்துக்கொண்டவர் சொந்தத் தம்பி. இரண்டாம் முறை எடுத்துக்கொண்டது ஒரு கார் கம்பெனி.

கார் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவின் முனையில் அவருடைய ஜெராக்ஸ் கடை இருந்தது. உள்ளே ஒரு மெஷின், ஒரு பைண்டிங் மேசை, சுவரோடு சுவராக ஒரு பெஞ்சு. அந்த மெஷினில் கறுப்பு வெள்ளை மட்டும்தான் வரும். கலர் கிடையாது. பிறகு ஏன் கலர் அக்கா என்று கேட்டால், அந்தத் தெருவின் கதையையே சொல்ல வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு கார் கம்பெனியும் தன் வண்டியை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று தடிமனான மேனுவல் போடும். அதைத் தன்னுடைய ஒர்க்‌ஷாப்புகளுக்கு மட்டும் கொடுக்கும். வெளி ஆளுக்கு விற்காது. அதுவும் அயல்மொழியில் இருக்கும். ஆனால் வாரண்டி முடிந்த வண்டிகள் எல்லாம் இந்தத் தெருவுக்குத்தான் வரும். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் யாராவது ஒருவர் விடுமுறை நாளில் மேனுவலைப் பைக்குள் மறைத்துக் கொண்டு வருவார். அக்கா முழுதும் பிரதி எடுப்பார். சிக்கல் வயரிங் படங்களில் வரும். மூலத்தில் ஒவ்வொரு வயரும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும். அக்காவின் மெஷின் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். ஆகவே அவர் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோட்டின் மேலும் அதன் நிறத்தைக் கையால் எழுதுவார். அதன் பிறகுதான் அதை வைத்து மற்ற பிரதிகள்.

அவர் எழுதியது அகராதி நிறங்கள் இல்லை. பழுப்பு என்று எழுதினால் அந்தத் தெருவில் எல்லோரும் தலையைச் சொறிவார்கள். டீ கலர் என்றால் கை நேராக வயருக்குப் போகும். சாம்பல் நிறம் புகை கலர். ஊதா கத்தரிப்பூ. இளம்பச்சை கிளிப்பச்சை. அயல்மொழிக் குறிப்புகளுக்குக் கீழேயும் நம் மொழியில் ஒரு வரி இருக்கும்: ‘இதை இழுக்காதே, உடையும்.’ ‘முதலில் பேட்டரியைக் கழற்று, பிறகு வீரம் காட்டு.’

நான் பழைய தத்துவப் புத்தகங்களைப் பைண்ட் பண்ணக் கொடுக்கப் போனதில்தான் பழக்கம். முதுகு கிழிந்த ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “இதைப் படிச்சா எதை ரிப்பேர் பண்ணலாம் சார்?” என்று கேட்டார். 

அவர் செய்தது சரியா என்றால், சரியில்லை. அடுத்தவர் எழுதி வரைந்த புத்தகத்தைக் கேட்காமல் பிரதி எடுத்து விற்பது குற்றம். அது அவருக்கும் தெரியும். “வித்தா வாங்கியிருப்பேன். விக்கவே மாட்டேங்கறாங்களே?” என்பார். வாடகைக்கு விடாத வீட்டுக்குள் பூட்டை உடைத்துக் குடியேறலாமா என்று நான் கேட்டேன். “வீட்டுக்காரன் ஏற்கெனவே வீட்டை எனக்கு வித்துட்டான் சார். சாவியை மட்டும் கையில வெச்சுக்கிட்டுப் பூட்டு என்னுதுங்கறான்” என்றார். நல்ல வாதம். முழு வாதம் என்று சொல்ல மாட்டேன்.

கடைக்குப் பின்புறம் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு அறைகளில் தம்பியும் அவர் மனைவியும் இருந்தார்கள். தம்பி கார் எலக்ட்ரீஷியன். பாட்டுப் பெட்டி மாட்டுவதில் கைகாரர் என்பதால் தெருவில் பெயர் ஸ்டீரியோ. அக்காவின் புத்தகம் இல்லாமல் அவர் எந்த வயரையும் தொட மாட்டார்.

ஒரு நாள் ஹாரன் அடிக்காத வண்டி ஒன்று வந்தது. புதிதாக வந்த மாடல். மேனுவலும் புதிதாக வந்து, அக்கா நிறம் எழுதி முடித்து, பிரதிகள் வெளியே போய்க்கொண்டிருந்த நேரம். தம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார். புத்தகத்தைத் தொடையில் விரித்து வைத்தார். ஹாரன் வயர், டீ கலர். அங்கே ஒரு டீ கலர் வயர் இருக்கத்தான் செய்தது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து அதில் தொட்டுப் பார்த்தார். ஹாரன் அடித்தால் கோளாறு சுவிட்சில், அடிக்காவிட்டால் ஹாரனில். எந்த எலக்ட்ரீஷியனும் செய்யும் சோதனைதான்.

ஹாரன் அடிக்கவில்லை. ஸ்டியரிங் வெடித்தது.

விபத்தில் உயிரைக் காக்க வேண்டிய காற்றுப் பை, ஏர்பேக், ஒரு சாண் தூரத்தில் குனிந்திருந்த மனிதரின் வலது காதுப்பக்கம் விரிந்தது. தெரு முழுக்கச் சத்தம் கேட்டதாம். அக்கா ஓடிப் போய்ப் பார்த்தபோது தம்பி வெள்ளைத் தூள் அப்பிய முகத்தோடு தரையில் உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களின் வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் எல்லாரும் மெதுவா பேசறீங்க?” என்று கத்தினார். இடது காது மறுநாள் திரும்பியது. வலது காது திரும்பவே இல்லை.

அக்காவுக்குச் சந்தேகம் அந்த நிமிடமே வந்துவிட்டது. மேனுவலைக் கொண்டு வந்த ஆளைக் கெஞ்சி மறுபடி கொண்டு வரச் சொன்னார். அந்தப் பக்கத்தை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்தார். பக்கத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு எஞ்சின் ஆயில் கறை. யாரோ வேலை பார்த்துக்கொண்டே புரட்டியிருக்கிறார்கள். ஆயில் ஊறிய இடத்தில் வெள்ளைக் கோடு டீ கலர் ஆகியிருந்தது. உண்மையான டீ கலர் கோடு கறுப்பாகியிருந்தது. ஹாரன் வயர் வெள்ளை. டீ கலர், ஏர்பேக்குக்குப் போகும் வயர். டியூப் லைட் வெளிச்சத்தில் கறை தெரியவில்லை. நிறம் மட்டும் தெரிந்தது.

அவர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் தாண்டிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைத் தம்பிதான் எனக்குச் சொன்னார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர். கழித்துவிட்டு எழுதுகிறேன்.

“டேய், அது என் தப்புடா.”

“இந்தப் பக்கம் வந்து சொல்லு. அந்தக் காது லீவு.”

அக்கா கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய் உட்கார்ந்து கறையைப் பற்றிச் சொன்னார். தம்பி கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. நான்தான் வயரை மாத்தித் தொட்டேன். கவனக்குறைவு. முடிஞ்சு போச்சு.”

“ஏன்டா?”

“உன் எழுத்தை நம்பித்தான் இந்தத் தெருவே பானட்டைத் திறக்குது. அதுல தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் திறக்க மாட்டான். அப்புறம், உனக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்ண ரெண்டு காது இருந்தப்பவே எனக்குத் தெம்பில்ல.”

இப்படித்தான் தவறு முதல் முறை கை மாறியது. தெரு தம்பியின் பெயரை மாற்றி, ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி மாதிரி மோனோ என்று வைத்தது. வைத்தவரே தம்பிதான் என்றும் சொல்வார்கள்.

ஆனால் கொடுத்தவருக்கு அது போன மாதிரி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் தம்பி மனைவியின் குரல் கேட்கும். “கண்ணை எங்க வெச்சிருந்தீங்க? ஒரு வயரைப் பார்க்கத் துப்பில்ல!” கத்தி ஓய்ந்ததும் அவர் ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார். “சாப்பிடுங்க அண்ணி. நீங்க ராத்திரி பகலா கண்ணு நோக எழுதிக் குடுக்கறீங்க, இந்த மனுசன் அதைக்கூட ஒழுங்கா பார்க்க மாட்டேங்கறாரு. நீங்களாவது நாலு வார்த்தை கேட்கக் கூடாதா?” அக்கா சாப்பிடுவார். எப்படி விழுங்கினார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

அக்கா ஒரு துண்டுச் சீட்டு அடித்தார். ‘திருத்தம்: ஹாரன் வெள்ளை. டீ கலர் ஏர்பேக், தொடாதே.’ அதையும் ஒரு பசைக் குப்பியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போய், பிரதி இருந்த இடமெல்லாம் அந்தப் பக்கத்தில் ஒட்டினார். அச்சுப் பிழை என்று சொன்னார். தம்பியின் காதோடு சேர்த்து யோசித்தவர்கள் இருந்திருக்கலாம், யாரும் மேலே கேட்கவில்லை. ஒரு பிரதி மட்டும் அகப்படவில்லை. அதை வாங்கியவர் மடிப்புக் கலையாத சட்டை போட்ட வெளியாள். பில் கேட்டவர். அந்தத் தெருவில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பில் கேட்டதில்லை என்பதால் அக்காவுக்கு முகம்கூட நினைவிருந்தது. ஆனால் எங்கே போய்த் தேடுவது? சீட்டுகளும் பசையும் கைப்பையிலேயே தங்கிவிட்டன.

பிறகு ஒரு மத்தியானம் அதிகாரிகள் வந்தார்கள். அடுக்கி வைத்திருந்த பிரதிகளை மூட்டை கட்டினார்கள். மெஷினுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். ஹாரன் அடிக்காத அந்த வண்டியின் கம்பெனிதான் வழக்குப் போட்டிருந்தது. அக்காவின் புத்தகத்தால் பிழைத்த பட்டறைகள் எல்லாம் அன்றைக்குப் பார்த்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவசர வேலையாக வெளியே போயிருந்தன.

கோர்ட்டுக்குப் போகும் முன் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவதற்கு ஒரு சமரச அலுவலகம் உண்டு. அங்கே கூப்பிட்டார்கள். நீள மேசை, கண்ணாடி போட்ட ஜன்னல், திரும்பும்போதெல்லாம் கிறீச்சிடும் மின்விசிறி. மேசையின் தலைப்பக்கம் சமரச அதிகாரி, ஒரு பெண்மணி. ஒரு பக்கம் கம்பெனி வக்கீல். எதிர்ப்பக்கம் அக்கா, அக்காவின் வக்கீல், தம்பி. வலது பக்கம் வரும் வண்டி கேட்காது என்பதால் ரோடு தாண்டத் தம்பிக்கு ஆள் வேண்டும். ஆகவே தம்பி மனைவியும் வந்து மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, இது குற்றம்னு தெரியுமா?” என்று அதிகாரி கேட்டார்.

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா பண்ணினீங்க?”

“நம்ம மொழியில ஒண்ணு அவங்களே போட்டிருந்தா நான் ஏம்மா பண்றேன்?”

கம்பெனி வக்கீல் இதற்காகவே காத்திருந்தவர் போலப் பையைத் திறந்து வழவழப்பான ஒரு புத்தகத்தை மேசையில் வைத்தார். “போட்டிருக்கோம். எவ்வளவு உழைப்பு தெரியுமா இது? அடுத்த வாரம் எங்க எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் போகுது. இந்த மாதிரி திருட்டுப் பிரதி இருந்தா நாங்க எதுக்கு இவ்வளவு செலவு பண்ணணும்? பாருங்க, நல்லா பாருங்க.”

அக்கா பார்த்தார். கம்பெனி தோரணையில் தொடங்கியது. ‘பயனாளர்கள் கவனத்திற்கு.’ பக்கங்களைத் தள்ளினார். வயரிங் படம் வந்தது. மூலத்தைப் போலவே பல நிறக் கோடுகள் இருக்கும் என்று எதிர்பார்த்தார். கறுப்புக் கோடுகள். அவற்றின் மேல் அழகான அச்செழுத்தில்: கிளிப்பச்சை. புகை கலர். கத்தரிப்பூ.

தம்பி குனிந்து பார்த்துவிட்டு, தன் நல்ல காதைத் தேய்த்துக்கொண்டாராம், கண்ணைத்தான் தேய்க்க வேண்டும் என்பதை மறந்து.

அக்கா அடுத்த பக்கத்துக்குப் போனார். அதற்கடுத்த பக்கத்துக்கு. ‘முதலில் பேட்டரியைக் கழற்று, பிறகு வீரம் காட்டு’ என்ற வரிகூட, ‘பிறகு வீரம் காட்டவும்’ என்று மரியாதை கூடி அப்படியே இருந்தது. ஸ்டியரிங் பக்கம் வந்ததும் அவர் விரல் நின்றது. ஹாரன், டீ கலர். ஏர்பேக், கறுப்பு.

யாரோ ஒருவருடைய பட்டறையில் சிந்திய ஆயில், துளிக் கறை இல்லாத அந்தப் பளபளப்பான தாளில் அச்சாகியிருந்தது.

“அம்மா, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று அக்கா எழுந்தார். தம்பி மனைவி பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போக, மற்ற மூவரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். பில் கேட்ட ஆள், கறை, காது எல்லாவற்றையும் அக்கா வக்கீலிடம் அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னார். வக்கீலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“அக்கா, ஜெயிச்சாச்சு! கிளிப்பச்சை கத்தரிப்பூ எல்லாம் யாரும் எழுதலாம்னு தப்பிச்சிடுவாங்க. ஆனா இந்தத் தப்பு? அவங்க மூலத்துல வெள்ளைன்னு இருக்கு. இதுல டீ கலர். உங்க புத்தகத்துலேருந்து தவிர வேற எங்கேருந்தும் வர முடியாது. உங்க தப்புதான் நம்ம சாட்சி!”

“சரி, உள்ள போய்ச் சொல்லிடலாம்.”

“ஐயோ, வாயைத் திறக்காதீங்க! இந்த ரூம்ல பேசறது எதுவும் கோர்ட்டுல செல்லாது. இப்ப சொன்னா அந்தப் பக்கத்தை மட்டும் மாத்தி அடிச்சிட்டுப் ஒண்ணும் தெரியாத பூனை மாதிரி வந்து நிப்பாங்க. கோர்ட்டு வரைக்கும் தப்பு அப்படியே இருக்கணும்.”

“அடுத்த வாரம் எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் போகுதுங்கறாரே.”

“போகட்டும். போகப் போக நமக்குத்தான் பலம்.”

தம்பி வக்கீலுக்கு நேராக இடது காதைக் காட்டி நின்றார். “எத்தனை காது வேணும் வக்கீல் சார், உங்க பலத்துக்கு?”

வக்கீல் கதவைப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். கட்சிக்காரரின் கடையைக் காப்பாற்றுவது அவர் வேலை. அந்தக் கேள்வி அவர் படித்த சட்டத்தில் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளே போனதும் அக்கா உட்காரவில்லை. மேசையில் கிடந்த புத்தகத்தை இழுத்தார். ஸ்டியரிங் பக்கத்தை விரித்தார். கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, பின்புறம் பசை தடவி, அந்தப் படத்தின் மேல் வைத்து, ஓரங்களை நகத்தால் நீவி ஒட்டினார். எல்லோர் முன்னாலும். யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. மின்விசிறி ஒரு சுற்று கிறீச்சிட்ட பிறகுதான் கம்பெனி வக்கீலுக்குக் குரல் வந்தது.

“என்ன பண்றீங்க நீங்க? அது எங்க புத்தகம்!”

“இதுல இருக்கற மாதிரி தொட்டா முகத்துல வெடிக்கும் சார். மூலத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அக்கா பசைக் குப்பியை மூடினார். அவருடைய வக்கீல் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது போன முகம் இல்லை. புத்தகத்தை அவர்களே எழுதவில்லை, யாரிடமோ வேலையைக் கொடுத்திருந்தார்கள் என்பதும், மூலத்தில் வெள்ளை என்றுதான் இருக்கிறது என்பதும் அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும் என்று தம்பி சொன்னார். அவர் குனிந்து ஒரு தாளில் எழுதி அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி வாசித்தார்.

கம்பெனி வழக்கைத் திரும்பப் பெறும். மெஷின் முத்திரை அகற்றப்படும். இந்தக் கம்பெனி மேனுவலை இனி பிரதி எடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் உறுதி தர வேண்டும். புத்தகத்திலுள்ள பிழை கம்பெனியின் சொந்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டதாகக் கருதப்படும். புத்தகம் எங்கிருந்து வந்தது என்பது பற்றி இரு தரப்பும் பேசக் கூடாது.

அக்காவின் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கையெழுத்துப் போடுங்க அக்கா. இதுக்கு மேல யாரும் குடுக்க மாட்டாங்க.” தம்பி பெருமூச்சு விட்டார். பிழை திருத்தப்பட்டுவிடும். கடை திரும்பிவிடும். மேசைக் கோடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. எல்லோருக்கும் நல்லது.

அக்கா பேனாவை வாங்கினார். பிழை பற்றிய வரியை அடித்தார். அதன் மேல், வயர்களின் மேல் எழுதும் அதே சிறிய எழுத்தில் எழுதினார்: ‘இந்தத் தப்பு என்னுடையது. என் புத்தகத்திலிருந்து இதில் வந்தது. என் தம்பியின் காது போனதும் இதனால்தான்.’ கீழே கையெழுத்துப் போட்டார்.

எட்டிப் பார்த்த கம்பெனி வக்கீல் எழுந்துவிட்டார். “இதை எழுதினா ஒப்பந்தமே கிடையாது. வழக்கு நடக்கும். மெஷின் வராது. புரியுதா?”

“புரியுது சார்.”

அப்படியேதான் ஆயிற்று. கம்பெனி புத்தகத்தை நிறுத்தி, அந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்து அனுப்பியது. கோர்ட்டில் புதுப் பக்கம்தான் இருந்தது. அக்கா தோற்றார். மெஷின் போயிற்று. இப்போது அந்தக் கடையில் பைண்டிங் மட்டும். நான் அவரை வீராங்கனை என்று சொல்லத் தயாரில்லை. வாங்கிக்கொள்ள வேண்டிய நேரத்தில் வாங்கிக்கொள்ளாமல் விட்ட தவறு அவ்வளவு காலம் தம்பியின் தலையில் இருந்தது. அந்த வரி வாக்குமூலமா, இது என் எழுத்து என்ற உரிமைக் குரலா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். நான் பைண்ட் பண்ணக் கொடுத்ததைப் புரட்டியபடி, “ஸ்பைரலா சார், தையலா?” என்றார்.

ஆனால் எனக்கு விளங்காமல் இருப்பது அந்த வரிகூட இல்லை. அதற்கடுத்து நடந்தது. கையெழுத்துப் போட்ட தாளை அதிகாரி கேட்டுக் கை நீட்டியிருந்தார். தம்பி, “அக்கா, வேணாம்” என்று அதைப் பிடுங்கப் பார்த்தார். அந்த அறையில் அதைப் படிக்காமலே வீட்டுக்குப் போகக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அக்கா அதிகாரியின் கையையும் தம்பியின் கையையும் தாண்டி, நீள மேசையின் கோடி வரைக்கும் தாளைத் தள்ளினார்.

“நீ படிம்மா முதல்ல” என்றார், தம்பி மனைவியிடம்.